கோபம் வராதவன்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. சலவை ஆலையில் இஸ்திரி உருளை முன்னால் நாள் முழுக்க நிற்கிறவளுக்குக் கோபம் வராமல் குளிரா வரும்? ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம் ஈரமாக உள்ளே போகும், மறுபக்கம் கை வைக்க முடியாத சூட்டில் வெளியே வரும். வாயில் வந்தபடி திட்டுவேன், கையில் கிடைத்ததை எறிவேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறந்துபோய், திட்டு வாங்கியவளிடமே போய் "டீ குடிக்கலாமாடி?" என்று நிற்பேன். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பாள் அம்மா. என்னைப் பற்றி மட்டுமல்ல, செத்துப்போன அப்பாவைப் பற்றியும் என் தம்பியைப் பற்றியும் அதையேதான் சொல்வாள்.

தம்பி ஒரு மருந்துக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான பிள்ளை என்பார்கள். அவன் பெண்டாட்டி எனக்குப் பக்கத்து மேஜையில் விரிப்பு மடிக்கிறாள். நடந்து வருகிற சத்தமே கேட்காது என்பதால் ஆலையில் அவளுக்குப் பூனை என்று பெயர். வேலைக்குச் சேர்த்துவிட்டவள் நான்தான்.

சில நாள் குனியும்போது பூனை இடுப்பைப் பிடித்துக்கொள்வாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. படியில சறுக்கிட்டேன்."

அவர்கள் குடியிருப்பது தரைத்தளம். அந்த வீட்டுக்குப் படியே கிடையாது. எனக்குத் தெரியாதா என்ன? ஒருநாள் நேரே போய் வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி தம்பியைக் கிழித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "கோபத்துல கை நீண்டுடுச்சு அக்கா, உன் தம்பிதானே நானும்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் கரைந்துவிட்டேன். என் கோபம்தான் அவனுக்கும், கொஞ்சம் கை நீளம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யா?

இதற்கிடையில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவிக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. எங்கள் ஆலையிலிருந்தே எடுப்பார்களாம். தங்க அறை தருவார்களாம். ஆனால் பிழைக்க வந்த இந்த ஊரில் நர்ஸுகளுக்குத் தமிழ் தெரியாது, அவர்கள் கேட்கிற கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். நான் அலட்சியமாக "நமக்கெல்லாம் அது எங்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பூனை மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, அந்த ரூம்ல ஆம்பளைங்கள விட மாட்டாங்களாமே, நெசமா?"

"நெசம்தான். வாசல்ல காவல் இருக்கு."

"உள்ள தாழ்ப்பா இருக்குமா?"

"இருக்கும்டி."

"அப்ப எனக்கு இங்கிலீஷ் வேணும்."

அவள் இதுவரை என்னிடம் எதுவுமே வேண்டும் என்று கேட்டதில்லை. அன்றைக்கே அவளைக் கையைப் பிடித்து இங்கிலீஷ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய், நானும் கூடவே சேர்ந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் கூடுதல் வேலை இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

வகுப்பு நடந்தது ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில். டீச்சர் எங்கள் ஆபீஸிலேயே பில் போடுகிற பெண், எங்கள் எல்லாரையும்விட வயதில் சின்னவள். நாடகப் பைத்தியம். புத்தகம், கரும்பலகை ஒன்றும் கிடையாது. நடித்துக் காட்டுவாள், நடிக்க வைப்பாள். பார்க்கிறவர்கள் சரியான சொல்லைக் கத்த வேண்டும். அவள் எங்களைப் போட்டு வதைத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கிற சொற்களை வைத்துத்தான். வார்டில் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள் என்பாள்.

"ஸ்லீப்பி, ட்ரௌஸி. ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் தூங்கி விழறதுதானே டீச்சர்" என்றாள் ராட்டினம். ராட்டினம் சாயக்கறை எடுக்கிற பகுதியில் இருக்கிறவள். வாய் சுற்ற ஆரம்பித்தால் நிற்காது, அதனால் அந்தப் பெயர்.

"சாப்பிட்டுட்டு கண்ணு சொக்குச்சுன்னா ஸ்லீப்பி. மருந்து உள்ள போய் ஆள் தன்னால நிமிர முடியாம கிடந்தா ட்ரௌஸி. நீங்க போய் நர்ஸ்கிட்ட ஸ்லீப்பின்னு சொன்னா, தூங்கட்டும் விடுன்னு போயிடுவாங்க. அந்த ஆளு போயே போயிடுவாரு."

அப்படித்தான் அலோனும் லோன்லியும் வந்தன. தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு என்று டீச்சர் சொல்லி, ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றாள். பூனை எழுந்தாள். "ஹோம், ஹஸ்பண்ட் இருக்காரு, ஐ லோன்லி. ஹியர் டேபிள், ஐ அலோன், ஐ ஹேப்பி." யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் மெதுவாகக் கை தட்டினாள்.

வகுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. நடிப்பு நடக்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது, தமிழ் பேசக் கூடாது, சொல்லை மட்டும் கத்த வேண்டும். ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் பாய்லர்காரரை உள்ளே அனுப்பி ராட்டினத்தை மிரட்ட வைத்தாள். ராட்டினம் அலறி மேஜைக்கடியில் போய் ஒளிய, நாங்கள் "ஸ்கேர்டு! டெரிஃபைடு!" என்று கத்தி, பாய்லர்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். அதற்கப்புறம் யார் எப்போது உள்ளே வந்து என்ன செய்வார்கள் என்று எங்களுக்கு ஒரே எதிர்பார்ப்பு. வேலை செய்து வீங்கிய காலோடு வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆகிவிடுவோம்.

கடைசிப் பாடம் கோபக்கார நோயாளிகள். ஆங்ரி, ஃப்யூரியஸ், வயலன்ட், க்ரூயல்.

"ஆங்ரி சாதாக் கோபம். ஃப்யூரியஸ், தலைக்கு ஏறினது. வயலன்ட்னா கை கால் பேசுது, கோபம் இருந்தாலும் இல்லாட்டியும்" என்றாள் டீச்சர்.

"அப்ப க்ரூயல்?" என்று கேட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் ஞாபகத்தில் கேட்டேன்.

"அது மனசு. அடுத்தவங்க வலி அவங்களுக்கு வலிக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை வெளியேருந்து கண்டுபிடிக்கறது கஷ்டம்க்கா. நாளைக்கு ஒரு புது ஆளை வரச் சொல்லியிருக்கேன். உங்க யாருக்கும் தெரியாத ஆளு. முரட்டு பேஷன்ட்டா நடிப்பாரு. பாத்து, நாலுல எது எப்ப வருதுன்னு கரெக்டா சொல்லணும்" என்றாள்.

மறுநாள் எல்லாரும் நேரத்துக்கு முன்பே வந்து பெஞ்சுகளில் இடம் பிடித்துவிட்டோம். நான் சுவரோரமாக உள்ளே மாட்டிக்கொண்டேன். பூனை முன் வரிசை ஓரத்தில். டீச்சர் எட்டிப் பார்த்து, "அவரு பின்வாசல்ல நிக்கறாராம், கூட்டிட்டு வந்துடறேன். ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராட்டினம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

முன்வாசல் கதவு திறந்தது. வந்தது என் தம்பி.

என் புத்தி அந்த நிமிஷம் எங்கே போனதோ. டீச்சர் இவனையா கூப்பிட்டிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அவன் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி பாக்கெட்டில் போட்டான். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டான். நேராகப் பூனையிடம் போய்ப் பின்னலைப் பிடித்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, பெஞ்சிலிருந்து இழுத்துத் தரையில் போட்டான்.

"ஆங்ரி!" என்று கத்தினாள் ஒருத்தி.

பூனை சத்தமே போடவில்லை. அதுதான் வினையாயிற்று. அலறியிருந்தால் அப்போதே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கி, தலையை இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்படிச் சுருண்டுகொள்ள எத்தனை தடவை பழகியிருக்க வேண்டும்! அவன் முதுகில் உதைத்தான். குனிந்து, விலாவில் குத்தினான். முகத்தைத் தொடவே இல்லை. அடி ஒவ்வொன்றும் துணிக்குள் மறைகிற இடமாகப் பார்த்து விழுந்தது.

"ஃப்யூரியஸ்! ஃப்யூரியஸ்!" என்று ராட்டினம் துள்ளினாள். "அய்யய்யோ என்னமா நடிக்கறாரு!"

"தமிழ் பேசாதடி!"

"வயலன்ட்! அதான் கரெக்ட், வயலன்ட்!"

எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது, இது நடிப்பில்லை, கூடுதல் வேலை என்று சொன்ன பொய் அவனிடம் மாட்டிக்கொண்டது. பூனையின் புடவை நனைந்து தரையில் ஈரம் பரவியது. எழுந்தேன். "அடேய், விடுடா!" என்று கத்தினேன். பக்கத்திலிருந்தவள் என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள். "எந்திரிக்கக் கூடாதுக்கா, சட்டம்!" நான் கத்தியதும் பாடத்தில் சேர்ந்துவிட்டது. நாலு பேர் என்னைப் பார்த்து "அப்செட்! அப்செட்!" என்றார்கள். சனியன் பிடித்தவளுகளா, வழி விடுங்கடி என்று பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவில் நான் பிதுங்கிக்கொண்டிருந்தேன். அப்போதும், ஆண்டவனே, என் மனசுக்குள் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. கோபம்தானே, இப்போது அடங்கிவிடுவான், இப்போது அடங்கிவிடுவான்.

அவன் பூனையின் இடது கையைப் பிரித்து எடுத்தான். சுண்டுவிரலைத் தனியாகப் பிடித்தான். மெதுவாகப் பின்னால் மடக்கினான். மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அப்போதுதான் பூனை கத்தினாள்.

கூடம் முழுக்கக் கை தட்டியது.

அவன் நிமிர்ந்தான். எங்களைப் பார்த்தான். முகத்தில் வேர்வைகூட இல்லை. மூச்சு வாங்கவில்லை. கை தட்டலைக் கேட்டு, கொஞ்சம் சிரித்து, மேடையில் நிற்கிறவன் மாதிரி ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து ஒரு வணக்கம் வைத்தான். பிறகு திரும்பிக் குனிந்து அடுத்த விரலைப் பிடித்தான்.

அந்த வணக்கத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் வந்தவளுக்குக் காது கேட்காது, நான் அந்த ஜாதி, எனக்குத் தெரியாதா? கண்ணை மறைக்கும், கை எங்கே போகிறதென்று தெரியாது, யார் என்ன கத்தினாலும் மண்டையில் ஏறாது. இவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஆங்ரி, ஃப்யூரியஸ், வயலன்ட் எல்லாம் கேட்டு, நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று கணித்து, அதற்குத் தக்கபடி வணக்கமும் வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறான். இவனுக்குக் கோபமே இல்லை. இன்றைக்கும் இல்லை. அவன் வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றானே, அன்றைக்கும் இருந்திருக்காது. இரண்டாவது மளுக்கென்ற சத்தம் கேட்டது.

மேஜைமேல் ஏறி நடந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. கையில் எவர்சில்வர் ஃபிளாஸ்க் இருந்தது, அது யாருடையது என்றுகூடத் தெரியாது. அதை அவன் மண்டையில் இறக்கினேன். அவன் "அக்கா!" என்றான். இன்னொன்று போட்டேன். அவன் விழுந்தான். அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து போட்டேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்த பிள்ளை. அழுதுகொண்டே போட்டேன். ஃபிளாஸ்க் நசுங்கி, மூடி கழன்று, டீயும் ரத்தமும் என் முகத்தில் தெறித்தது. அவன் நெற்றி பிளந்திருந்தது. வாயில் இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. செத்துத் தொலைடா என்றுதான் கத்தினேனாம்.

"இதுக்கு என்ன வேர்டு?" என்று பின்னால் யாரோ கேட்டது மட்டும் லேசாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது பின்வாசல் வழியாக டீச்சர் வந்தாள். அவள் பின்னால் தலையில் பொய்க்கட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் குச்சியோடு, பருத்த ஒருவர் நின்றார். அவர்தான் நடிக்க வந்தவர். அவரையும் தரையில் கிடந்தவனையும் மாறி மாறிப் பார்த்த ராட்டினம், கை தட்டின அந்தக் கைகளாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பூனையின் விரல்களைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில்தான் எனக்குக் காது திறந்தது.

நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களைத் தடுக்க ஆள் இல்லை. ஈர விரிப்பை ஒற்றைக் கையில் தூக்கிப் போடுகிற பெண்கள். ஆளுக்கு ஒரு மிதி மிதித்தார்கள், ராட்டினம் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் நடுவில் விழுந்து அழுது தடுத்திராவிட்டால் அவனைப் பொட்டலமாகத்தான் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

போலீஸ் வந்தது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும், இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. வந்தவர்கள் பார்த்தது என்ன? மண்டை உடைந்த ஒரு ஆள். ரத்தம் வழிகிற ஃபிளாஸ்க்கோடு நான். மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு பூனை. அவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆண் போலீஸ் என் கையைப் பின்னால் திருப்பிப் பிடித்தார்.

தம்பி கைக்குட்டையை நெற்றியில் வைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். அவன் இங்கிலீஷ் எங்கள் எல்லாரையும்விட நன்றாக இருக்கும், நாள் முழுக்க ஆஸ்பத்திரி வாசல்களில் பேசுகிறவன். பணிவாகச் சொன்னான். இது வகுப்பு, இங்கே நடித்துத்தான் பாடம் நடத்துவார்கள், நானும் மனைவியும் நடித்தோம், தவறுதலாக விரல் பிசகிவிட்டது, பாவம், என் அக்காவுக்கு நடிப்பு என்று புரியவில்லை, அவள் எப்போதுமே ஆங்ரி, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவர்கள் கேட்டார்கள். கை தட்டினீர்களா? தட்டினோம். நடிப்பு என்று நினைத்தீர்களா? நினைத்தோம். ராட்டினம் பதில் சொல்லும்போது முதல் தடவையாக அவளுக்கு வார்த்தை வரவில்லை. டீச்சர், நான் அவரைக் கூப்பிடவே இல்லை என்றாள். ஆனால் அவள் அறையில் இல்லை, எதையும் பார்க்கவில்லை. முன்வாசல் காவலாளியைக் கூட்டி வந்தார்கள். "கிளாஸுக்கு நடிக்க வர்றவரு நீங்கதானான்னு கேட்டேன். ஆமான்னாரு. விட்டுட்டேன்" என்றார். பூனையைக் கேட்டதற்கு, அவனைப் பார்த்துக்கொண்டே "நோ ப்ராப்ளம்" என்றாள். அவனுக்குச் சாதகமாகவே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பூனையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அந்தக் கதவு சாத்தினால் அவள் காலையில் உயிரோடு வெளியே வர மாட்டாள்.

தம்பி தமிழில் என்னிடம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, நாடகம்னு சொல்லிடு. நான் உன்மேல கேஸ் குடுக்க மாட்டேன். உன் வேலை போகாது. ஆஸ்பத்திரி வேலையும் கிடைக்கும். இல்லேன்னா நீதான் உள்ள போவ. நம்ம குடும்ப விஷயம், நாம பேசிக்கலாம்."

நியாயமான பேச்சுதான். குரலில் வருத்தம்கூட இருந்தது. பெண் போலீஸ் என் பக்கம் வந்து, என்ன நடந்தது, நீ சொல் என்றாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "மை பிரதர். ஐ ஆங்ரி. ஐ ஃப்யூரியஸ். ஐ ஹிட் ஹிம். ட்ரூ. யூ டேக் மீ." ஆண் போலீஸ் தலையாட்டினார். நான் தம்பியைக் காட்டினேன். "ஹீ, நோ ஆங்ரி."

தம்பி என்னை நன்றியோடு பார்த்தான். அக்கா காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்துவிட்டான். "எக்ஸாக்ட்லி" என்றான். கோபமே இல்லை, ஒரு நிமிஷம்கூட இல்லை, ஐ வாஸ் காம், ஃபுல் கன்ட்ரோல் என்று அழுத்திச் சொன்னான்.

பெண் போலீஸ் அவன் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பூனையின் முந்தானையை விலக்கி அந்தக் கையை வெளியே எடுத்தேன். சுண்டுவிரலும் அடுத்த விரலும் நீலமாக, தப்பான பக்கம் திரும்பி நின்றன.

"ஒன் ஃபிங்கர்" என்றேன். "தென் தே க்ளாப்." கை தட்டிக் காட்டினேன். "தென் ஹீ..." அந்த வணக்கத்துக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து காட்டினேன். "ஸ்மைல். தென், டூ ஃபிங்கர்."

பெண் போலீஸ் கூடத்தைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தானா என்று கேட்டாள். ஆமாம், ஆமாம் என்று எல்லாப் பெஞ்சிலிருந்தும் சத்தம் வந்தது. அதற்கு அப்புறம்தான் இரண்டாவது விரலா? ஆமாம். ராட்டினம் ஓவென்று அழ ஆரம்பித்தாள். பெண் போலீஸ் தம்பி முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்த நேரத்திலும் நீ ஃபுல் கன்ட்ரோலில்தான் இருந்தாயா என்று சாதாரணமாகக் கேட்டாள். முதல் விரல் பிசகு என்றால், அவள் கத்தியதைக் கேட்ட பிறகு இரண்டாவது விரல் என்ன?

தம்பி வாயைத் திறந்தான். கோபத்தில் செய்துவிட்டேன் என்று இப்போது சொல்ல முடியாது. பத்துப் பேர் முன்னால் கோபமே இல்லை என்று அவனே சொல்லியாகிவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையிலும் கோபம் இல்லை. என்னை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். என் உடன்பிறப்பைக் கண்டு நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

பெண் போலீஸ் பூனையைத் தனியாக அடுத்த அறைக்குக் கூட்டிப்போய் ரவிக்கையை விலக்கி முதுகைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்கு விலங்கு மாட்டினாள். எனக்கும்தான். மண்டை உடைந்தது உடைந்ததுதானே, சட்டம் என்றால் சட்டம். ஆஸ்பத்திரி வேலை அத்தோடு போயிற்று. போகட்டும், மயிரே போச்சு.

எங்களைத் தனித்தனி வண்டியில் ஏற்றினார்கள். பூனையை டீச்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என் வண்டி கிளம்பும்போது பூனை அடிபடாத கையை ஜன்னலில் வைத்து, "அண்ணி, ரொம்ப வலிக்குது அண்ணி" என்றாள். வலிக்கிறது என்று அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சொல்லுடி, டாக்டர்கிட்டயும் சத்தமா சொல்லு" என்றேன்.

ஸ்டேஷனில் வீட்டுக்கு ஒரு போன் செய்துகொள் என்றார்கள். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பூனைக்கு ராத்திரி தங்க வேறு இடம் இல்லை, என் வீட்டுக் கதவை அம்மாதான் திறக்க வேண்டும். அம்மா திறப்பாளா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்குத் தம்பி என்றால் உயிர்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். மறைக்கவில்லை. நான் அவன் மண்டையை உடைத்ததையும் சொன்னேன். அம்மா ஒப்பாரி வைப்பாள், என்னைச் சபிப்பாள் என்று காத்திருந்தேன்.

"புள்ளைய உள்ள தள்ளிட்டியாடி" என்றாள். குரலே இல்லை. "ஏதோ கோபத்துல பண்ணிட்டான்னு சொல்லியிருக்கலாமேடி."

"அம்மா, கோபம் வந்தது எனக்கு. அவனுக்கு வரல. அவனுக்குக் கோபமே வர்றதில்லம்மா. நான் கண்ணால பாத்தேன்."

அந்தப் பக்கம் அம்மா முக்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றாள் அம்மா.

"என்னது?"

"உங்கப்பாவுக்கும் வராது. ஒருநாள்கூட அந்த மனுஷனுக்குக் கோபம் வந்து நான் பாத்ததில்ல. கோபக்காரருன்னு ஊர்ல நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது. செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரியில இருக்கா, சொல்லு" என்றாள். "நானே போய்க் கூட்டிட்டு வரேன்."